ஒரே அடுக்களை, இரண்டு தலைமுறை: நெல்லைச் சீமைக் குடும்பங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, நான் குடியிருக்கும், பல வீடுகள் சேர்ந்த வளவின் திண்ணையில் மாலை வேளைகளில் வந்து உட்காரும் பெண்களும், சில நாட்களில் அவர்களுடைய மாமியார்களும், எப்போதாவது ஆண்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சாதியும் சமயமும் வேறு வேறாக இருந்தாலும் ஐயங்கள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே வந்தன. கேட்டவர்களுடைய சொற்களை இயன்றவரை அப்படியே விட்டு, ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மட்டும் நீக்கியிருக்கிறேன். நெல்லைச் சீமை என்று நான் சொல்வது, 1986இல் பிரிந்த தூத்துக்குடியும் 2019இல் பிரிந்த தென்காசியும் சேர்ந்த பழைய நிலப்பரப்பை. மாவட்டம் பிரிந்ததால் உறவுமுறையோ குழம்பின் பக்குவமோ மாறிவிடவில்லை.

நான் கோயம்புத்தூர்ப் பக்கம். இங்க யாரை என்ன முறை சொல்லிக் கூப்பிடறதுன்னே தெரியல. தப்பாக் கூப்பிட்டா சிரிக்கறாங்க.

கணவரின் அப்பா மாமா, அம்மா அத்தை. அப்பாவைப் பெற்றவளும் அம்மாவைப் பெற்றவளும் இங்கே பெரும்பாலான வீடுகளில் ஆச்சிதான். கணவரின் அண்ணன் அத்தான். அக்காள் மதினி, பேச்சுவழக்கில் மைனி. கணவரின் தம்பி கொழுந்தன், ஆனால் நேரில் அப்படி அழைப்பதில்லை. பெயர் சொல்லியோ தம்பி என்றோ அழைப்பார்கள். பங்காளிகளைச் சொக்காரர் என்று சொல்வதும் காதில் விழும்.

மனப்பாடம் செய்வதைவிட இதற்குள் இருக்கும் ஒழுங்கைப் பிடித்துக்கொள்வது எளிது. கணவருடன் பிறந்தவர்கள் உங்களுக்கு மாமன் மக்கள் முறை. அவர்களை மணந்து வந்தவர்கள் உங்களுக்கு உடன்பிறந்தார் முறை. ஆகவே அத்தானின் மனைவி அக்கா, கொழுந்தனின் மனைவி தங்கை, மைனியின் கணவர் அண்ணன். புதிதாக ஒருவர் வந்தால் அவர் யாரை மணந்தவர் என்று கேட்டால் போதும், முறை தானாக வந்துவிடும். தப்பாக அழைத்ததற்குச் சிரிப்பவர்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். திருத்திச் சொல்லும் ஒரு பெரியவரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது வீட்டு ஆச்சியாகவே இருக்கும்.

"தார்சாவுல கெடக்க நாற்காலியப் பட்டாசல்ல போடு, அரங்குல பாய் இருக்கு"ன்னு அத்தை ஒரே மூச்சுல சொன்னாங்க. எனக்கு ஒரு இடமும் புரியல.

தெருக்கதவைத் தாண்டியதும் வரும் முன்பகுதி தார்சா. நடுக்கூடம் பட்டாசல். நெல்லும் நகையும் பண்டபாத்திரமும் வைப்பதற்கென்று பெரும்பாலும் சன்னல் இல்லாமல் கட்டிய உள்ளறை அரங்கு. சமையலறை அடுக்களை, பின்பக்கம் புறவாசல், மேலே மச்சு. பல வீடுகள் சேர்ந்த ஒரே வளாகம் வளவு, அதற்குள் போகும் குறுகிய சந்து முடுக்கு. வாரியல் என்றால் விளக்குமாறு, சாரம் என்றால் லுங்கி, வெஞ்சனம் என்றால் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது. அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போன பிறகும் வரவேற்பறையைப் பட்டாசல் என்றே சொல்லும் குடும்பங்கள் இருக்கின்றன.

எங்க வீட்டுச் சமையலை இங்க சமைக்கலாமா? சமைச்சா அத்தை வருத்தப்படுவாங்களோன்னு பயமா இருக்கு.

சமைக்கலாம், ஆனால் முதலில் இந்த வீட்டின் இரண்டு மூன்று பண்டங்களைக் கற்றுக்கொண்ட பிறகு சமைத்தால் அது எதிர்ப்பாகத் தோன்றாது. உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் அத்தகைய ஒன்று. தோலுடன் உடைத்த கறுப்பு உளுந்தை வறுத்து, அரிசியோடு பூண்டும் வெந்தயமும் தேங்காய்த் துருவலும் சேர்த்து வேகவைப்பது. மற்றொன்று கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளைக்குப் போடும் சொதி.

சொதியை அத்தையின் பக்கத்தில் நின்று ஒரு முறை பாருங்கள். தேங்காயைத் துருவி மூன்று முறை பால் எடுப்பார்கள். கடைசியாக எடுத்த நீர்த்த பாலில் காய்கள் வேகும். இரண்டாம் பாலும் வெந்த பாசிப்பருப்பும் அதன் பிறகு சேரும். முதற்பாலை ஊற்றியதும் கொதிக்க விடாமல், ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும். கொதித்தால் திரிந்துவிடும். எலுமிச்சைச் சாறு இறக்கிய பிறகுதான். அந்த நுரை எப்போது கட்டும் என்பதை எந்தக் குறிப்பும் சொல்லித் தராது. அத்தையின் கை கரண்டியை நிறுத்தும் நேரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். கற்றுக்கொடுத்தவரிடம் அடுத்த வாரம் உங்கள் ஊர் அரிசிம்பருப்புச் சாதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர் மறுப்பது அரிது.

காலையில யார் முதல்ல எந்திரிக்கணும்? நானும் வேலைக்குப் போறேன். ஆனா வாசல் தெளிக்கிறதுல இருந்து எல்லாமே என் தலையில விழுது.

இந்தத் திண்ணையில் மிகுதியாகக் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். வீட்டு வேலை யாருடைய கண்ணிலும் படாமல் நடப்பதால், செய்யாதவர்களுக்கு அதன் அளவு தெரிவதில்லை. இதில் கெட்ட எண்ணத்தைவிட அறியாமையே மிகுதி என்பது என் அனுபவம். 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டதும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடமே செலவிட்டதும் தெரியவந்தது. கிட்டத்தட்ட 5 மணி நேரம் என்பது இன்னோர் அரைநாள் உத்தியோகம்.

எங்கள் வளவில் ஒரு மருமகள், காலை எட்டரைக்குப் பேருந்து பிடிக்க வேண்டியவர், சண்டைக்குப் போகாமல் ஒரு வாரம் முழுவதும் வீட்டில் நடந்த வேலைகளை யார் செய்தாலும் ஒரு பள்ளி நோட்டில் எழுதிவந்தார். மோட்டார் போடுவது, தொட்டி நிறைந்ததும் அணைப்பது, பால் வாங்குவது, மாமாவுக்கு இரத்த அழுத்த மாத்திரை எடுத்து வைப்பது, உளுந்து ஊறப்போடுவது, மாவு ஆட்டி உப்புப் போட்டுக் கரைத்து வைப்பது, சிலிண்டருக்குப் பதிவு செய்வது, சீருடையில் பொத்தான் தைப்பது என்று நாற்பதுக்கும் மேல் வந்தன. ஞாயிற்றுக்கிழமை காப்பி குடிக்கும்போது அந்த நோட்டைப் பட்டாசலில் வைத்தார், அவ்வளவுதான். மாமியார் செய்யும் வேலைகளையும் அதில் விடாமல் எழுதியிருந்தார் என்பது முக்கியம். அதனால் மாமியார் முதலில் அவர் பக்கம் வந்தார். மோட்டாரும் பாலும் பிள்ளைகளின் பையும் கணவரிடம் போயின. மாமா தம் மாத்திரையைத் தாமே எடுத்துக்கொள்ளத் தொடங்கினார்.

ஆகவே யார் முதலில் எழ வேண்டும் என்பதற்கு என்னிடம் பொதுவான விடை இல்லை. எந்த வேலை யாருடையது என்று பெயர் சொல்லிப் பிரித்துவிட்டால், முதலில் எழ வேண்டியவர் யார் என்பதும் அதிலேயே முடிவாகிவிடும்.

ஏம்மா, எம் மவன் அடுக்களையில நின்னு பாத்திரம் கழுவுததைப் பாத்தா எனக்கு மனசு கேக்கல. நான் சொல்லுதது தப்பா?

வருத்தம் தப்பில்லை அக்கா. நீங்கள் அப்படி வளர்க்கவில்லை, உங்கள் கணவர் அப்படிச் செய்யவில்லை, ஆகவே கண்ணுக்கு உறுத்துகிறது. ஆனால் உங்களுக்கு முட்டி வலி வந்த நாட்களில் பாத்திரத்தை எடுத்து வைக்க ஓர் ஆண் இல்லாமல் நீங்கள் பட்ட பாட்டையும் நீங்களே இதே திண்ணையில் சொல்லியிருக்கிறீர்கள். மேலே சொன்ன நோட்டை உங்கள் வீட்டிலும் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். அதில் பாதி உங்கள் பெயரில்தான் இருக்கும். மகன் கழுவும் பாத்திரம் மருமகளுடையது மட்டுமன்று, உங்களுடையதும்தான்.

சம்பளத்தை அப்படியே அத்தை கையில குடுக்கணும்னு சொல்லுதாவ. குடுக்கலைன்னா மரியாதைக் குறைவா?

மரியாதைக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒரு பெண் தன் திறமையாலும் உழைப்பாலும் ஈட்டியது அவளுக்கே முழு உரிமையானது என்பதை 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவே சொல்கிறது. ஆனால் சட்டத்தைச் சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் போக வேண்டாம். முதல் சம்பளத்தை அத்தையிடம் கொடுத்து வாங்குவது ஒரு மகிழ்ச்சி. மாதந்தோறும் முழுவதையும் கொடுத்துவிட்டுப் பேருந்துக்குக் காசு கேட்டு நிற்பது வேறு.

நடைமுறையில் நன்றாக நடக்கும் வீடுகளில் சம்பாதிக்கும் எல்லாரும், மகனும் மருமகளும், அவரவர் வருமானத்துக்கு ஏற்ற ஒரு தொகையைப் பொதுச் செலவுக்கு ஒரே இடத்தில் போடுகிறார்கள். அந்தப் பணத்தை அத்தை நிர்வகிக்கட்டும். மளிகைக்கடைக் கணக்கு அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். மீதி அவரவர் கணக்கில் இருக்கும். அதிலிருந்து பெண் தன் பெற்றோருக்கு அனுப்புவதை மறைத்து அனுப்ப வேண்டாம். மறைத்தது என்றாவது தெரியவரும். வெளிப்படையாகச் சொன்னது ஒரு வாரம் முணுமுணுப்போடு நின்றுபோகும்.

மாசம் 1,000 ரூபா உரிமைத் தொகை அத்தை பேருல வருது. எனக்கு அதுல பங்கு கேக்கலாமா?

2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை ஒரு குடும்ப அட்டைக்கு ஒரு பெண் என்ற கணக்கில் வருவது. உங்கள் அட்டையில் அது அத்தைக்கு வருகிறது என்றால் அது அவருடைய பணம். ஆயுள் முழுவதும் சம்பளமில்லாமல் உழைத்தவருடைய கைக்கு முதல் முறையாக அவர் பெயரிலேயே வரும் பணம் அது. கேட்க வேண்டாம்.

பொங்கப்படி, ஆடிச்சீர், பிள்ளைக்குக் கொலுசுன்னு வரிசையாக் கேக்காங்க. எங்க அப்பாவால முடியல. முடியாதுன்னு எப்படிச் சொல்ல?

பொங்கலுக்குப் பானையும் கரும்பும் மஞ்சள்குலையும் பச்சரிசியும் பித்தளைப் பாத்திரமுமாகப் பிறந்த வீட்டிலிருந்து வரும் பொங்கல்படி ஓர் அழகான வழக்கம். மகளைப் பார்க்க அப்பனுக்கு ஒரு காரணம் கிடைக்கும். அது விருப்பமாக இருக்கும் வரைக்கும்தான் வழக்கம். பட்டியல் போட்டுக் கேட்கத் தொடங்கினால் அதன் பெயர் வரதட்சணை. 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டம், கல்யாணத்துக்கு முன்பு கேட்பதை மட்டுமன்று, கல்யாணத்தை முன்னிட்டு அதற்குப் பிறகு எப்போது கேட்டாலும் குற்றம் என்கிறது. வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் குறைந்தது 5 ஆண்டு சிறை என்றும் அதிலேயே இருக்கிறது.

சொல்ல வேண்டியவர் நீங்கள் அல்லர், உங்கள் கணவர். தன் தாயிடம் "இந்த வருசம் அவுக வீட்டுல முடியாதும்மா, நான்தான் வேண்டாம்னு சொன்னேன்" என்று அவர் ஒரு வரி சொன்னால் அது முடிந்துபோகும் பேச்சு; அதையே மருமகள் சொன்னால் பத்து ஆண்டு பேசப்படும். கணவர் சொல்ல மறுத்தால், அல்லது கேட்பதோடு நில்லாமல் அடியும் ஏச்சும் வந்தால், அது வீட்டு விஷயமாக இனிமேல் இல்லை. 181 என்ற பெண்கள் உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். வெளியே சொன்னால் குடும்ப மானம் போய்விடும் என்று பொறுத்திருந்த சில பெண்களை என் மாணவிகளாகவே எனக்குத் தெரியும். அவர்கள் முன்பே வாய் திறந்திருக்கக் கூடாதா என்று இன்றும் நினைக்கிறேன்.

அத்தானுக்குக் கடை வைக்க என் நகையை அடகு வைக்கணுமாம். குடுக்காம இருக்க முடியல, குடுக்கவும் பயமா இருக்கு.

உங்களுக்கு உங்கள் பெற்றோர் போட்டதும், மணமேடையில் மற்றவர்கள் கொடுத்ததும் சீதனம். அது மனைவியின் தனிச்சொத்து என்று 1985இலேயே உச்சநீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்துவிட்டது. அரங்கில் இருக்கும் பெட்டிச் சாவி அத்தையிடம் இருப்பதால் நகை அத்தையுடையது ஆகிவிடாது.

கொடுப்பது என்று மனமொப்பி முடிவு செய்தால் மூன்றைக் கேளுங்கள். அடகு உங்கள் பெயரில் இருக்கட்டும், இரசீது உங்கள் கையில் இருக்கட்டும், வட்டி யார் கட்டுவது, எந்த மாதம் திருப்புவது என்பதை ஒரு தாளில் எழுதி அத்தான் கையெழுத்திடட்டும். எழுதக் கேட்பது அவமதிப்பு என்று யாராவது சொன்னால், வங்கியும் எழுதி வாங்கிக்கொண்டுதான் கொடுக்கிறது, அதை யாரும் அவமதிப்பாக எடுத்துக்கொள்வதில்லை என்று பணிவாகச் சொல்லலாம். நகை எத்தனை, என்ன எடை என்ற பட்டியலை நிழற்படத்தோடு எடுத்து வைப்பது எல்லாப் பெண்களுக்கும் நல்லது, அடகு வைத்தாலும் வைக்காவிட்டாலும்.

பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்குக் கட்டாயம் வரணுமாம். லீவு கெடைக்கல. போகாட்டா என்ன?

நெல்லைச் சீமையில் பங்குனி உத்திரம் முருகனுக்குரிய நாள் மட்டுமன்று. ஒவ்வொரு குடும்பமும் தன் குலதெய்வமான சாஸ்தாவைத் தேடிப் போகும் நாள். குளக்கரையிலும் காட்டுக்குள்ளும் ஆண்டு முழுவதும் ஆளில்லாமல் கிடக்கும் கோயில்களில் அன்று சென்னையிலிருந்தும் பம்பாயிலிருந்தும் வந்த சொக்காரர் எல்லாரும் ஒரே மரத்தடியில் பொங்கல் பானை வைத்திருப்பார்கள். முதியவர்களுக்கு அது சாமி கும்பிடும் நாள் என்பதோடு, யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று கண்ணால் எண்ணிப் பார்க்கும் நாளும்கூட. அதனால்தான் அவ்வளவு வற்புறுத்துகிறார்கள்.

தேதி பஞ்சாங்கத்தில் முன்பே தெரிவதால், தை மாதமே விடுப்புக்கு எழுதிக் கொடுங்கள். கிடைக்கவே இல்லை என்றால் கோயிலுக்குக் குடும்பம் தர வேண்டிய பங்குப் பணமான வரியைக் கொடுத்துவிட்டு, அன்று மாலை தொலைபேசியில் ஆச்சியோடு பேசுங்கள். கோயிலுக்கு வந்தவர்கள் யார் என்று கேட்டால் அவர் அரைமணி நேரம் சொல்லுவார். பிறந்த வீட்டுக் குலதெய்வத்தை இனிக் கும்பிடக் கூடாதா என்றும் சிலர் கேட்கிறார்கள். வரி கொடுப்பது புகுந்த வீட்டுக் கோயிலுக்கு என்பது வழக்கம்; பிறந்த வீட்டுச் சாமியைக் கும்பிட யாரும் தடை சொன்னதாக நான் கேட்டதில்லை.

பிள்ளை பொறந்ததும் சேனை வைக்கணும்ங்காவ ஆச்சி. டாக்டர் எதுவும் குடுக்கக் கூடாதுங்காரு. நான் யார் பேச்சைக் கேக்க?

மருத்துவர் பேச்சை. சேனை என்பது பிறந்த பிள்ளையின் நாவில் முதலில் தொட்டு வைக்கும் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ. முதல் 6 மாதம் தாய்ப்பால் தவிரத் தண்ணீர்கூட வேண்டாம் என்பதே மருத்துவம் சொல்வது. தேன் ஒரு வயது முடியும் வரை கூடவே கூடாது, ஏனென்றால் அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் பச்சிளங்குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கலாம். கல்லில் உரைத்துப் பிள்ளைக்குக் கொடுக்கும் உரைமருந்துக்கும் இதே விடைதான்.

ஆனால் ஆச்சி கேட்பது சர்க்கரைத் தண்ணீரை அன்று. நாவில் சேனை தொட்டு வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பி, அந்தப் பெருமைக்குரிய இடத்தை அவர் கேட்கிறார். அதை மறுக்காதீர்கள். கை கழுவிவிட்டுப் பிள்ளையை முதலில் மடியில் வாங்குபவர் ஆச்சியாக இருக்கட்டும், பெயரைக் காதில் மூன்று முறை சொல்பவரும் அவராகவே இருக்கட்டும். அப்படிச் செய்த ஒரு வீட்டில் ஆச்சியே மற்றவர்களிடம் "வாயில ஒண்ணும் வைக்கப்பிடாது" என்று காவல் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

மருமவ போனைக் காட்டித்தான் பேரனுக்குச் சோறு ஊட்டுதா. நான் சொன்னா கோவப்படுதா.

நீங்கள் சொல்வது சரி. 2 வயதுக்குக் கீழே திரை வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. ஆனால் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அவள் ஊட்டுகிறாள். அந்த நேரத்துச் சோற்றுக் கிண்ணத்தை நீங்கள் வாங்கிக்கொண்டு, புறவாசலில் காக்காயைக் காட்டி ஊட்டுவதாகச் சொல்லிப் பாருங்கள்.

மாமா படுக்கையில விழுந்து ஒன்றரை வருசமாச்சு. எல்லாம் நான்தான் பாக்கேன். மைனி வந்து பழமும் ஹார்லிக்ஸும் வச்சிட்டு, "நல்லாக் கவனிக்கியா"ன்னு கேட்டுட்டுப் போறாவ.

உங்கள் களைப்பு எனக்குப் புரிகிறது. என் மாமனாரை நானும் கடைசி மாதங்களில் பார்த்திருக்கிறேன். படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைப்பது என்றால் இரவிலும் புரட்ட வேண்டும், அதை ஒரே ஆள் ஆண்டுக்கணக்கில் செய்ய முடியாது.

2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், பெற்றோரைப் பார்க்க வேண்டிய கடமையை மகனுக்கும் மகளுக்கும் ஒன்றாகவே வைக்கிறது. அந்த இடத்தில் மருமகளைச் சொல்லவே இல்லை. நீங்கள் செய்வது உங்கள் அன்பு, மைனியும் உங்கள் கணவரும் செய்ய வேண்டியது அவர்கள் கடமை. இதை மைனியிடம் குத்திக்காட்டிச் சொல்ல வேண்டாம். "மைனி, மாசத்துல ரெண்டு சனி ஞாயிறு நீங்க வந்து இருந்தா நான் எங்க வீட்டுக்குப் போயிட்டு வருவேன்" என்று நாளைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். பொதுவாக உதவி கேட்டால் பொதுவாகத் தலையாட்டுவார்கள்; நாளைச் சொன்னால் வருவார்கள், அல்லது வர முடியாத குற்ற உணர்விலாவது பகல்நேர ஆளுக்குச் சம்பளம் கொடுப்பார்கள். வந்த முதல் நாளே மாமாவைப் புரட்டுவது எப்படி என்று அவருக்குக் காட்டிக்கொடுங்கள். அதற்கு மேல் "நல்லாக் கவனிக்கியா" என்ற கேள்வி வராது.

ஒரே வளவுல தனி அடுப்பு வச்சா ஊர் என்ன சொல்லும்?

ஒரு மாதம் பேசும். அத்தையோடு தினமும் முகத்தைத் தூக்கிக்கொண்டு ஒரே அடுக்களையில் நிற்பதைவிட, பத்தடி தள்ளி அடுப்பு வைத்துக்கொண்டு மாலையில் கிண்ணம் மாற்றிக்கொள்வது எவ்வளவோ மேல் என்பது என் உறுதியான கருத்து. பிரிவதற்கு முன் மின்கட்டணம், தண்ணீர், பெரியவர்களின் மருந்துச் செலவு ஆகிய மூன்றையும் பேசி முடித்துவிடுங்கள். சண்டை போட்ட இரவில் பிரியாதீர்கள். நல்ல நாள் பார்த்து, அத்தை கையாலேயே பால் காய்ச்சி அடுப்பைத் தொடங்குங்கள்.

எனக்குக் கல்யாணமானது 1985ல. அப்பா சொத்துல எனக்குப் பங்கு கெடையாதுன்னு தம்பி சொல்லுதான். கையெழுத்து மட்டும் போடச் சொல்லுதான்.

தம்பி சொல்வது பழைய நிலை. 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டுத் திருத்தம் இந்துக் கூட்டுக்குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு கொடுத்தது, ஆனால் அதற்கு முன்பே மணமானவர்களை விட்டுவிட்டது. 2005 செப்டம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தத்தில் அந்த வேறுபாடு இல்லை. அந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதும் இல்லை, பிறப்பாலேயே மகளுக்கு உரிமை உண்டு என்று 2020 ஆகஸ்ட் 11 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2004 டிசம்பர் 20க்கு முன் முறைப்படி பாகம் பிரிந்துவிட்ட சொத்தை மட்டும் இது தொடாது. தந்தை தாமே சம்பாதித்த சொத்து என்றால், அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால் மனைவி, தாய், மகன்கள், மகள்கள் எல்லாருக்கும் சமபங்கு; மகளின் கல்யாண ஆண்டு அதில் எங்குமே வராது.

இவை இந்துக்களுக்கு. கிறிஸ்தவக் குடும்பங்களில் 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு போக, மீதி மகனுக்கும் மகளுக்கும் சமம். முஸ்லிம் குடும்பங்களில் ஷரீஅத் முறைப்படி மகனுக்குரியதில் பாதி மகளுக்கு.

கையெழுத்து மட்டும் என்று கொண்டுவரும் தாள் பெரும்பாலும் விடுதலைப் பத்திரம். அதாவது உங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிப் பதிவு செய்வது. பதிந்த பிறகு மீட்பது மிகக் கடினம். விட்டுக்கொடுப்பதே உங்கள் விருப்பமானால் தெரிந்து விட்டுக்கொடுங்கள். எத்தனையோ அக்காமார் தம்பிக்காக மனமுவந்து அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் தாளை வீட்டுக்கு வாங்கிவந்து, வேறொரு வழக்கறிஞரிடம் படித்துக் காட்டிய பிறகு முடிவு செய்யுங்கள். அவசரப்படுத்தினால் அந்த அவசரமே யோசிக்க வேண்டிய காரணம்.

இருக்க வீட்டை இப்பவே எழுதிக் குடு, அப்பதான் பாப்பேன்னு மவன் சொல்லுதான். நான் என்ன செய்ய?

எழுதுவதில் இரண்டு வகை இருக்கிறது. உயில் உங்கள் காலத்துக்குப் பிறகுதான் செல்லும். எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். முத்திரைத்தாள் தேவையில்லை, இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். செட்டில்மென்ட் பத்திரமோ பதிந்த அன்றே வீட்டை அவர் பெயருக்கு மாற்றிவிடும். பிறகு நீங்கள் உங்கள் வீட்டிலேயே விருந்தாளி.

என் விருப்பம் உயில். செட்டில்மென்ட்தான் என்று முடிவானால், உயிருள்ளவரை நீங்களும் உங்கள் துணைவரும் அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையையும், உணவும் மருத்துவமும் மகன் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். முந்தைய கேள்வி ஒன்றில் சொன்ன 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, அத்தகைய நிபந்தனையோடு கொடுத்ததை மகன் மீறினால் பத்திரத்தையே செல்லாததாக்க வழி செய்கிறது. வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டும். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகையும் அங்கேயே கேட்கலாம். மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற எண்ணிலும் வழி கேட்கலாம். நிபந்தனை எழுதாத பத்திரத்தைக் கொண்டு அலைந்தவர்கள் பட்ட பாடு பெரிது. நகை அடகுக்குச் சொன்னதே இதற்கும்: பெற்ற பிள்ளையானாலும் எழுத்தில் இருக்கட்டும்.

அண்ணனும் நானும் ஒரே வளவு. கிணத்து மோட்டார் கரண்ட் பில்லுல ஆரம்பிச்ச சண்டை, மூணு வருசமாப் பேச்சில்ல. யார் முதல்ல பேசுதது?

இளையவர் நீங்கள்தான். அண்ணன் மூத்தவராகையால் அவர் இறங்கி வருவது கடினம். நீங்கள் போனால் தோற்றதாக யாரும் எண்ணமாட்டார்கள், முறை என்றே சொல்வார்கள். மன்னிப்புக் கேட்பது போலப் பேச்சைத் தொடங்க வேண்டியதில்லை. மேலே பங்குனி உத்திரத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பத்து நாள் முன்பு உங்கள் மனைவியோடு ஒரு மாலையில் அண்ணன் வீட்டுக்குப் போய், அண்ணன் மனைவியான மதினியிடம் வெற்றிலை பாக்கு கொடுத்து, சாஸ்தா கோயிலுக்குச் சேர்ந்து போகலாம் என்று அழையுங்கள். நேரில் வந்து அழைத்தவரை வாசலில் நிறுத்திப் பேசுவது இந்தச் சீமையில் வழக்கமில்லை; உள்ளே வரச் சொல்வார்கள், காப்பி வரும்.

மோட்டாரைப் பற்றி அன்று ஒரு வார்த்தையும் எடுக்க வேண்டாம். கரண்ட் பில் பாக்கியைக் கோயிலுக்குப் போய் வந்த பிறகு ஒரு நாள் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். வேன் எத்தனை மணிக்கு எடுப்பது, பொங்கல் பானை யார் வீட்டிலிருந்து, அம்மாவை முன் இருக்கையில் உட்கார வைக்கலாமா என்று மட்டும் கேளுங்கள்.